கண் டாக்டர் கைவிரித்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பார்வை இழந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி பற்றி ஒரு வாசகருக்குச் சின்னதாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இந்தப் பகுதியையே நிரப்பும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திண்டுக்கல் வாசகி: அப்பாவுக்கு 63 வயது. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் அழுத்த நோயில் ஒரு கண் முழுக்கப் போய்விட்டது, இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. "இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்குவதில்லை. அம்மாதான் சோறு ஊட்டுகிறார். நாங்கள் என்ன செய்வது?

அம்மா, டாக்டர் சொன்னது அவருடைய வேலையைப் பற்றி. கண் அழுத்தத்தால் கெட்டுப்போன பார்வை நரம்பை மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, அது உண்மை. ஆனால் உங்கள் அப்பா குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் தெருமுனைக் கடை வரை போய் வருவதற்கும் அந்த நரம்பு திரும்பி வரவேண்டிய அவசியம் இல்லை. அந்த வேலைகளை வேறு வழியில் செய்யப் பழக்குவதற்கென்றே தனியாக ஒரு துறை இருக்கிறது. டாக்டர் கைவிரித்த அன்றைக்கே அங்கே அனுப்பியிருக்க வேண்டும். பல இடங்களில் அந்த ஒரு வரியைச் சீட்டில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், குடும்பம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு.

முதலில் ஒன்று. கண் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டீர்களா? நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் கேட்டு உடனே தொடங்குங்கள். மிச்சமிருக்கும் அந்த வெளிச்சமும் நிழலும் சாதாரண விஷயம் இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம், எதிரே ஆள் வருகிறாரா, விளக்கு எரிகிறதா என்று சொல்லும் பார்வை அது. அப்படியே நீங்களும் உங்கள் அண்ணன் தம்பிகளும் கண் அழுத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம், வலி எதுவும் காட்டாமல் வரும்.

அடுத்து, ஊட்டுவதை நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு இது கஷ்டமாக இருக்கும், அவர் பாசத்தில்தான் செய்கிறார். ஆனால் நாற்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழித்த மனிதருக்கு வாயில் சோறு வைத்தால், தன்னால் இனி எதுவும் ஆகாது என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்வதாகத்தான் அவர் மனதில் பதியும். பயிற்சியில் தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, மூன்று மணி இடத்தில் பொரியல், ஒன்பது மணி இடத்தில் ஊறுகாய் என்று பழக்குவார்கள். உங்கள் அப்பா தலைமுறைக்கு அதைவிடச் சுலபமான வழி வாழையிலை. உப்பும் ஊறுகாயும் இலையில் எங்கே, கூட்டு எங்கே, அப்பளம் எங்கே, சோறு எந்தப் பக்கம் என்று அவர் கைக்கு ஏற்கெனவே தெரியும். அதே வரிசையைத் தட்டிலும் தினமும் மாற்றாமல் வையுங்கள். வைக்கும்போது "சாம்பார் ஊற்றுகிறேன், சூடாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். முதல் வாரம் சிந்தும், சட்டையில் படும், துடைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் நடப்பதற்குக் கோல் தேவைப்படாது. கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரைப் புறங்கையால் தொட்டபடி போகப் பழக்குங்கள். விரல்கள் லேசாக மடங்கியிருக்க வேண்டும், நீட்டிக்கொண்டு போனால் கதவு நிலையில் இடித்துச் சுளுக்கிக்கொள்ளும். இன்னொரு கையை முகத்துக்கு முன்னால் குறுக்காகப் பிடிக்கச் சொல்லுங்கள். பாதி திறந்த கதவுதான் பார்வையில்லாதவர்களின் பெரிய எதிரி. அதன் விளிம்பு நேராக நெற்றியில் வந்து இடிக்கும். ஒன்று முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்கட்டும். நாற்காலி, வாளி, செருப்பு எதையும் நடைபாதையில் விடாதீர்கள். அவரிடம் சொல்லாமல் சாமான்களை இடம் மாற்றவே கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். வேட்டி கட்டிக்கொள்வதில் ஆரம்பிக்கலாம், கரை கைக்குத் தட்டுப்படும், எது மேல் எது கீழ் என்று தடவியே கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் முகச்சவரம். அதற்குக் கண்ணாடியே தேவையில்லை, இடது கை தடவிக்கொண்டே போக வலது கை பின்னால் வரும். அவர் மறுப்பார், எரிச்சலில் கத்துவார், அழவும் கூடும். பார்வை போவதும் ஒரு இழப்புதான், அதற்கான துக்கம் இருக்கத்தான் செய்யும். பல வாரமாகியும் சாப்பாடு தூக்கம் சரியாகாமல், சாவைப் பற்றியே பேசினால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகத் தயங்காதீர்கள்.

உங்களுக்கு மதுரை பக்கம்தான். அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்வைக் குறைவுக்கென்று மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. சுந்தரராஜன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கத்திலும் விசாரியுங்கள், அதைத் தொடங்கியவர் எஸ்.எம்.ஏ. ஜின்னா, அவரே பார்வையற்றவர். அங்கே அப்பாவை ஒருமுறை கூட்டிப்போய்த் தன்னைப்போலவே பார்வை இழந்து, வேலை செய்து, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். நானும் நீங்களும் எத்தனை சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

கோயம்புத்தூர் வாசகர்: எனக்கு 34 வயது, ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா) என்ற விழித்திரை நோய் இருக்கிறது. பகலில் சமாளிக்கிறேன், பேப்பர் படிக்கிறேன், இருட்டினால் ஒன்றும் தெரியாது. ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை. வெண்கோல் இப்போதே பழக வேண்டுமா, முழுக்கப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாமா? கோல் பிடித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே?

இப்போதே பழகுங்கள் தம்பி. பார்வை கொஞ்சம் மிச்சமிருக்கும்போது கற்றுக்கொள்பவர்களுக்குப் பயம் குறைவு, கை சொல்வதைக் கண் சரிபார்த்துக்கொள்ளும். முழுக்கப் போகட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே சாக்கடையில் விழுந்து கால் முறித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்.பி.யில் முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல மிஞ்சும். அதனால்தான் பேப்பர் படிக்கிற ஆள் காலடியில் கிடக்கும் ஸ்டூலில் தடுக்கி விழுகிறார், பார்க்கிறவர்கள் "நடிக்கிறான்" என்று பேசுகிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போகும்போது எழுத்துப் பலகை சோதனையோடு விட்டுவிடாமல், பார்வைப் புலச் சோதனையும் (சுற்றிலும் எவ்வளவு பரப்பு தெரிகிறது என்று பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, எழுத்து எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், பார்வைப் புலம் 10 பாகைக்குக் கீழே போய்விட்டால் அது பார்வையின்மைதான். பைக் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், பகலில்கூட. பக்கவாட்டிலிருந்து ஓடிவரும் குழந்தை உங்களுக்குத் தெரியாது.

கோலைப் பற்றி. நீளமான கோலை இடவலமாக வீசி நடக்கும் முறையை, இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ஹூவர் 1944 வாக்கில் உருவாக்கினார். நம் டேராடூனில் இருக்கும் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் வேரும் அதே போரில்தான், 1943இல் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்காகத் தொடங்கிய இல்லம் அது. கோல் தரையிலிருந்து உங்கள் நெஞ்செலும்பு வரை வர வேண்டும். தாத்தா ஊன்றும் தடி உயரத்தில் வாங்கினால் பள்ளம் தெரிவதற்கு முன்பே கால் போய்விடும். கை தொப்புளுக்கு நேராக, மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடது பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலது பக்கம். அதாவது அடுத்த கால் எங்கே வைக்கப் போகிறீர்களோ அந்த இடத்தைக் கோல் முதலில் பார்த்துவிடும். வீச்சு தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால் போதும். படிக்க இவ்வளவுதான், ஆனால் கால்களோடு ஒத்துவர நாள் பிடிக்கும், பயிற்சியாளர் ஒருவர் பின்னால் வந்து திருத்த வேண்டும். இடுப்புக்கு மேலே இருப்பதைக் கோல் சொல்லாது என்பதையும் மறக்காதீர்கள். தெருவில் திறந்துகிடக்கும் ஜன்னல் கதவு, கடைப் பலகை, நிற்கும் லாரியின் பின்புறம், எல்லாம் தலைக்கு நேராக வரும்.

உங்களுக்கு மடக்குக்கோல் வசதி. பகலில் தோள்பைக்குள் இருக்கட்டும், ஆறு மணிக்கு மேல் எடுங்கள்.

ஆபீஸ் விஷயம். அரசு வேலை என்றால் கவலை குறைவு. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியார் நிறுவனம் என்றால் அந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை, அதனால் கையில் ஒரு திறமையை வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. கணினித் திரையைப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். கண் வேலை செய்யும்போதே மவுஸைத் தொடாமல் கீபோர்டு மட்டும் வைத்து வேலை செய்யப் பழகுங்கள். "எனக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது, வேலையை இப்படிச் செய்துவிடுவேன்" என்று செய்து காட்டிச் சொல்லும்போது பேச்சே வேறு மாதிரி போகும். எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. ஆனால் மறைப்பதற்காகத் தினமும் செலவாகிற சக்தி கொஞ்சநஞ்சமில்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகி: மாமியாருக்கு 78 வயது. விழித்திரை நடுவில் பாதிப்பு, பார்வை ரொம்பக் குறைவு. இரண்டு மாதமாக வீட்டுக்குள் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், பூப்போட்ட சேலை கட்டிய பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறார். அக்கம்பக்கத்தில் மந்திரிக்கச் சொல்கிறார்கள். புத்தி பேதலித்துவிட்டதா?

அவர்கள் பேசுகிறார்களா என்று அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். சத்தமே இல்லை, சும்மா நிற்கிறார்கள், அது நிஜமில்லை என்று தனக்கே தெரியும் என்றால், பெரும்பாலும் இது சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயரிடப்பட்ட ஒன்று. சுவிட்சர்லாந்துக்காரரான போனே 1760இல் தன் தாத்தாவைப் பற்றி எழுதிவைத்தார். கண்புரையால் பார்வை குறைந்த அந்தத் தாத்தாவுக்கும் இப்படித்தான் ஆட்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தெரிந்தன, புத்தி தெளிவாகவே இருந்தது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானாகவே உருவங்களை உண்டாக்குகிறது. பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. பார்வை குறைந்த முதியவர்கள் பலருக்கு இது வருகிறது, சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து வாயைத் திறப்பதில்லை. உங்கள் அத்தை சொன்னாரே, அதற்கே அவரைப் பாராட்டலாம்.

மந்திரிக்க வேண்டாம், அது பயத்தைக் கூட்டும். உருவம் தெரியும்போது விளக்கைப் போடுங்கள், இருட்டில் இருந்தால் வெளிச்சத்துக்கு வரச் சொல்லுங்கள். கண்களை இடமும் வலமுமாகச் சில முறை ஓட்டினாலோ, நன்றாக இமைத்தாலோ, எழுந்து இரண்டு அடி நடந்தாலோ பலருக்கு மறைந்துவிடுகிறது. யாரும் இல்லாத நேரத்தில், வெளிச்சம் குறைந்த மாலையில்தான் அதிகம் வரும், அந்த நேரத்தில் பேச்சுத்துணை இருந்தால் நல்லது. நாளாக ஆகக் குறைவதும் உண்டு.

ஆனால் குரல் கேட்கிறது, நாற்றம் வருகிறது, உருவங்கள் தன்னைக் கொல்ல வருவதாக நம்புகிறார், அல்லது திடீரென்று நேரம் காலம் இடம் குழம்புகிறது என்றால் இது அந்தக் கணக்கில் வராது. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், சிறுநீர்த் தொற்றோ மருந்துக் கோளாறோகூடக் காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் கண் டாக்டரிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூர் வாசகி (குரல் பதிவில்): சுகரால் எனக்குப் பார்வை போய் ஒன்றரை வருடமாகிறது. திரையில் இருப்பதைப் பேசிக்காட்டும் டாக்பேக் வைத்து போன் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன். வீட்டில் அடுப்படிக்குள் மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். சமைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. பாதுகாப்பாக முடியுமா?

முடியும் சகோதரி, தாராளமாக. சமையலில் கண் செய்கிற வேலை நாம் நினைப்பதைவிடக் குறைவு. கடுகு வெடிப்பதைக் காதால்தானே கேட்டோம்? பருப்பு சிவந்துவிட்டதை மூக்குதான் முதலில் சொல்கிறது. அரிசிக்குத் தண்ணீர் வைக்க அம்மாக்கள் விரல் கணுவைத்தான் வைத்துப் பார்த்தார்கள்.

எரியாத அடுப்பில் தொடங்குங்கள். பாத்திரத்தை வைத்து, அது பர்னருக்கு நடுவில் இருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பற்ற வைக்க வேண்டும். எரிகிற அடுப்பில் பாத்திரத்தைத் தேடி வைக்கிற பழக்கமே கூடாது. பாத்திரத்தின் கைப்பிடி எப்போதும் ஒரே பக்கம் பார்த்திருக்கட்டும். முந்தானை அல்லது துப்பட்டாவை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், தொளதொள நைட்டிக் கையும் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு பாதுகாப்பு என்று பலர் வாங்கித் தருகிறார்கள், ஆனால் மேலே வழுவழு என்று தொடுபொத்தான் இருந்தால் உங்களுக்கு எது எங்கே என்று தெரியாது. திருகுகிற குமிழோ, அழுத்தினால் உள்ளே போகிற பொத்தானோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

டப்பாக்களுக்கு ரப்பர் பேண்டு போதும். மிளகாய்த்தூளுக்கு ஒன்று, மல்லித்தூளுக்கு இரண்டு, மஞ்சள் தூளுக்கு எதுவும் வேண்டாம். உப்பை நேராகக் குழம்பில் கொட்டாமல் உள்ளங்கையில் எடுத்து அளந்து போடுங்கள். பாலுக்கு விசில் அடிக்கும் பால் குக்கர் இருக்கிறது, பழைய சாமான்தான், இன்னும் கிடைக்கிறது. தோசைக்கு மாவு ஊற்றியதும் வருகிற 'சொய்ங்' சத்தம் அடங்கி, ஓரத்தில் தோசைத் திருப்பியை விட்டால் ஒட்டாமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள், போனால் திருப்பலாம். முதல் சில தோசை பிய்ந்துதான் வரும்.

நறுக்குவதற்கு எல்லோரும் கத்தியும் பலகையும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அரிவாள்மனையில் வருடக்கணக்காகப் பழகிய கைகளுக்கு அதுவே வசதியாக இருக்கிறது, கத்திபோல அது நகராது, வெட்டு எங்கே என்று உடம்புக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குச் சுகர் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: விரல் நுனியில் மரத்துப்போன உணர்வு இருந்தால் சூடும் வெட்டும் உடனே தெரியாது. அதை முதலில் டாக்டரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். உணர்வு குறைவாக இருந்தால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கும் முறைகளை விட்டுவிட்டு, நீளமான இடுக்கியும் முழங்கை வரை வருகிற கையுறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டாரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அனுமதி கேட்டு நிற்காதீர்கள், வீட்டில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுங்கள். கூட நிற்பவர் கையை மட்டும் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வாய் உதவி போதும்.

சேலம் வாசகர்: அப்பா பேப்பர் படிக்க ஆன்லைனில் பெரிய பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். "எல்லாம் கலங்கலாக இருக்கிறது" என்று தூக்கி வைத்துவிட்டார்.

கண்ணாடி பெரிதாக இருந்தால் சக்தி குறைவாக இருக்கும், இது கண்ணாடியின் இயல்பு. சக்தி கூடக்கூட அளவு சிறியதாகும், எழுத்துக்கு அருகிலும் கொண்டுபோக வேண்டும். 100ஐ டயாப்டர் எண்ணால் (கண்ணாடியின் சக்தியைச் சொல்லும் அளவு) வகுத்தால் எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று வந்துவிடும். 20 டயாப்டர் என்றால் 5 சென்டிமீட்டர்தான். அப்பா அதைக் கை நீளத்தில் பிடித்துப் பார்த்திருப்பார். கடையில் வாங்காமல் லோ விஷன் (பார்வைக் குறைவு) பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி பெரிய கண் மருத்துவமனைகளில் இருக்கிறது. விளக்கோடு சேர்ந்தது, மேசையில் நிற்கும் வகை, மூக்குக்கண்ணாடியில் பொருத்துவது என்று பலவற்றையும் அங்கேயே வைத்துப் படித்துப் பார்க்கச் சொல்வார்கள். விளக்கைத் தலைக்கு மேலே போடாமல், அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து தாள் மேல் விழுகிற மாதிரி வையுங்கள். பாதிப் பிரச்சினை வெளிச்சத்தில்தான் இருக்கும்.

விழுப்புரம் வாசகி: மகனுக்கு 8 வயது, பிறவியிலேயே பார்வைக் குறைவு, வருடா வருடம் குறைகிறது. பெரிய எழுத்து என்றால் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறான். புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்டேன். "கண் தெரிகிற பிள்ளைக்கு எதற்கு? இப்போதுதான் போனே படித்துக்காட்டுகிறதே" என்கிறார் ஆசிரியை.

கற்றுக்கொடுங்கள். குறைந்துகொண்டே போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், எட்டு வயது விரல் நுனிக்குப் பிடிபடும் வேகம் பதினெட்டில் இருக்காது. முகத்தை ஒட்டி வைத்து ஒரு பக்கம் படிப்பதற்குள் பிள்ளைக்குக் கழுத்தும் கண்ணும் வலித்துவிடும், அப்புறம் படிப்பே பிடிக்காமல் போய்விடும். பெரிய எழுத்தையும் விடவேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

போன் படித்துக்காட்டுவது நல்ல வசதி, நான் எதிர்க்கவில்லை. ஆனால் காதால் மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு ல, ள, ழ எங்கே வரும், ஒற்று மிகுமா என்பது கடைசிவரை தெரியாமலே போகும். கணக்கில் பின்னத்தையும் சமன்பாட்டையும் காதால் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. லூயி பிரெயில் இந்த ஆறு புள்ளி முறையை 1824 வாக்கில் உருவாக்கியபோது அவருக்கே 15 வயதுதான். நம் மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் முடிவானது. அதில் தமிழ் கற்பது சுலபம், 'கெ' என்று எழுத முதலில் க, அப்புறம் எ, சொல்கிற வரிசையிலேயே வரும், முன்னால் பின்னால் கொம்பு போடுகிற குழப்பமே கிடையாது.

அவன் எவ்வளவு படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுங்கள். சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் முழுப் பார்வையின்மையோடு 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார், அந்தப் பணிக்கு அப்படி வந்த முதல் ஆள் அவர்தான். மதுரையைச் சேர்ந்த, பார்வையற்றவரான பூரண சுந்தரி 2019ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் 286ஆவது இடம் பிடித்தார்.

ஈரோடு வாசகர்: விபத்தில் ஒரு கண் போய்விட்டது, இன்னொன்று நன்றாக இருக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

நல்ல கண் 6/18 வரை (மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கிற அளவு) தெரிந்தால் இப்போதைய விதிப்படி குறைபாடு 30 சதவீதம்தான் வரும். சலுகைகளுக்கு 40 தேவை. வருத்தமான பதில்தான். ஆழம் மட்டும் குழப்பும், டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஜக்கின் மூக்கை விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றுங்கள், படியில் கைப்பிடியைப் பிடியுங்கள், சாலை கடக்கும்போது தலையை முழுக்கத் திருப்புங்கள். வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இருக்காதீர்கள், உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

காரைக்குடி வாசகர்: நான் பார்வையற்றவன், கடை வைத்திருக்கிறேன். ரூபாய் நோட்டு அடையாளம் தெரியவில்லை. வங்கியில் செக் புத்தகமும் தர மறுக்கிறார்கள்.

புது நோட்டுகளில் 100, 200, 500 மூன்றும் ஒரே அகலம், நீளம் 142, 146, 150 மில்லிமீட்டர், அதாவது 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தனியாகக் கையில் எடுத்தால் குழப்பும். 100 ரூபாய் நீளத்துக்குச் சரியாக ஒரு அட்டை வெட்டிக் கல்லாவில் வையுங்கள், நோட்டை அதன் மேல் வைத்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று விரலால் பாருங்கள். ஓரத்தில் தடவினால் தெரியும் கோடுகளும் உண்டு, 100க்கு நான்கு, 500க்கு ஐந்து, ஆனால் பழைய நோட்டில் தேய்ந்துபோயிருக்கும். ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' செயலி, போன் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

செக் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் பார்வையின்மையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கையெழுத்துக்கு, ஒரு அட்டையில் கோடு அளவுக்கு ஜன்னல் வெட்டி வைத்துக்கொண்டால் அதற்குள்ளேயே போட்டுவிடலாம்.

சென்னை, கல்லூரி மாணவர்: பஸ் ஸ்டாண்டில் பார்வையற்றவர்களைப் பார்த்தால் உதவ நினைக்கிறேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போவது சரியா?

முதலில் பேசுங்கள் தம்பி, "அண்ணா, உதவி வேணுமா?" என்று. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவருக்கு அந்த இடம் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். வேண்டும் என்றால் அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவருக்குக் கொடுங்கள். அவர் அதைப் பிடித்து அரை அடி பின்னால் வருவார், உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும். கோலைத் தொடவே வேண்டாம். "அங்கே", "இந்தப் பக்கம்" என்பதற்குப் பதிலாக "உங்கள் இடது பக்கம் மூன்று அடியில் தூண்" என்று சொல்லுங்கள். பஸ் வந்தால் எண்ணையும் போகுமிடத்தையும் சத்தமாகச் சொல்லி, படிக்கட்டுக் கம்பியில் அவர் கையை வைத்துவிட்டால் போதும், மேலே அவரே ஏறிக்கொள்வார். கிளம்பும்போது கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.